வயசுப் பேப்பர் யார் கையில்?

எனக்கு ஒரே காலையில் அஞ்சு வயசு கூடிப்போனது. 2002 மே மாதம். எட்டாவது முழுப்பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் கிடந்தேன். நைனாவுக்கு டிபி. அம்மா மட்டும் சூளைக்குப் போய்க்கொண்டிருந்தது. கடம்பத்தூரிலிருந்து திருவள்ளூர் போகிற வழியில் பாட்டிலும் மூடியும் செய்கிற ஒரு பிளாஸ்டிக் கம்பெனி. அதற்கு ஆள் பிடித்துக்கொடுக்கிற மேஸ்திரி எங்க சேரிக்கு வந்து, "பையனுக்கு ஒரு வயசுப் பேப்பர் வாங்கியாந்துடு, திங்கக்கெழமையே சேத்துக்கலாம்" என்று அம்மாவிடம் சொன்னார். அம்மா அம்பது ரூபாயை முந்தானையில் முடிந்துகொண்டு என்னை ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனது.

டாக்டர் என் பல்லைப் பார்க்கவில்லை. உயரம் அளக்கவில்லை. தலையை நிமிர்த்தாமலே, "இன்னா வயசு போடணும்?" என்று கேட்டார்.

"பதினெட்டு போடுங்க சார்."

போட்டார். எனக்கு அப்போது பதிமூணு. வெளியே வந்ததும் அம்மா என் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே சொன்னது: "எவனாச்சும் கேட்டா பதினெட்டுன்னு சொல்லு. சிரிக்காம சொல்லு."

அந்தப் பேப்பர் அம்மா கையிலிருந்து மேஸ்திரி கைக்குப் போனது. மேஸ்திரி கையிலிருந்து கம்பெனி ஆபீசுக்குப் போனது. அதற்குப் பிறகு நான் அதைப் பார்க்கவே இல்லை. பதினாலு மாசம் அந்தக் கம்பெனியில் வேலை செய்தேன். ஒரு வாத்தியார் வீடு தேடி வந்து, அம்மாவிடம் சண்டை போட்டு, என்னைத் திரும்ப ஒன்பதாவதில் உட்கார வைத்தார். நான் வெளியே வந்துவிட்டேன். என் பதினெட்டு வயசு அங்கேயே இருந்துவிட்டது.

அந்தப் பேப்பரைப் பற்றி இரண்டு கேள்விகள் எனக்குள் இருபது வருஷத்துக்கு மேலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் எழுதிய பொய் யாருடைய பொய்? அந்தப் பேப்பர் யாருடைய சொத்து? நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். சட்டமும் படிக்கவில்லை, கணக்கும் படிக்கவில்லை. ஆனால் இந்தப் பேப்பருக்கு இரண்டு பக்கமும் நின்றவன். ஒரு பக்கம் பொய் வயசு போட்டுக்கொண்ட பையனாக. இன்னொரு பக்கம் பொய் வயசுக்கு டிக் போட்டவனாக. இந்த இரண்டாவது கதையை இதுவரை எந்த மேடையிலும் நான் சொன்னதில்லை. அதற்கு முன்னால் சட்டம் என்ன சொன்னது என்று பார்த்துவிடலாம்.

*

அப்போது நடப்பில் இருந்தது 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டம். 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புக்குள் அதையும் சேர்த்து 13 சட்டங்களை அடக்கிவிட்டார்கள். பழைய சட்டத்தை நான் படித்துப் பார்த்தது எம்.ஏ. முடித்த பிறகுதான். பதினாலு வயசு நிரம்பாத பிள்ளையை ஆலையில் சேர்க்கக் கூடாது என்றது 67ஆம் பிரிவு. பதினாலு நிரம்பிப் பதினெட்டு ஆகாத பிள்ளை என்றால், அதற்கென்று நியமித்த மருத்துவர் உடம்பைச் சோதித்து 69ஆம் பிரிவின்படி தகுதிச் சான்று தரணும். அது பன்னிரண்டு மாசம்தான் செல்லும். அதற்கான கட்டணத்தை முதலாளிதான் கட்டணும். பிள்ளையிடமோ பெத்தவங்களிடமோ பிடிக்கக் கூடாது. இதைப் படித்தபோது அம்மா முந்தானையில் முடிந்த அம்பது ரூபாய் ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன்.

சிரிப்பை நிறுத்தியது 68ஆம் பிரிவு. அந்தத் தகுதிச் சான்று ஆலை மேலாளரின் பொறுப்பில் இருக்க வேண்டும். பிள்ளை வேலை செய்கிற நேரத்தில் அந்தச் சான்றைக் குறிக்கிற ஒரு டோக்கனைத் தன்னிடம் வைத்திருக்க வேண்டும் என்றது. கவனியுங்கள் தோழர்களே. உடம்பு பிள்ளையுடையது. அந்த உடம்பைப் பற்றிய பேப்பர் மேனேஜரிடம். பிள்ளைக்கு டோக்கன்.

கடம்பத்தூர் ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிளை விட்டால் டோக்கன் தருவார்கள். சாயங்காலம் டோக்கனைக் காட்டினால் சைக்கிள் திரும்பக் கிடைக்கும். பிள்ளை டோக்கனைக் காட்டினால் என்ன திரும்பக் கிடைக்கும்?

அந்த டோக்கனைக்கூட நான் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தேன் என்று சொன்ன ஒருத்தரையும் எங்க பக்கம் நான் சந்தித்ததில்லை. காரணம் லேசானது. பதினாறு என்று உண்மையை எழுதினால் மருத்துவர், சான்று, டோக்கன், தனிப் பதிவேடு என்று ஆயிரம் வேலை. பதினெட்டு என்று எழுதிவிட்டால் இது எதுவும் வேண்டாம். உண்மைக்குச் செலவு அதிகம், பொய்க்கு அம்பது ரூபாய். அந்த அம்பதும் கூலிக்காரி தலையில்.

சட்டம் மொத்தமும் கெட்டது என்று சொல்ல மாட்டேன். பார்த்த மாத்திரத்தில் வயசு குறைவு என்று நீதிமன்றத்துக்குத் தோன்றினால், குறைவில்லை என்று நிரூபிக்கிற பாரம் குற்றம் சாட்டப்பட்டவர் மேல்தான் என்று 104ஆம் பிரிவு சொன்னது. பேப்பரைவிடக் கண் பெரிசு என்று சட்டமே அந்த ஓர் இடத்தில் ஒத்துக்கொண்டது. அதே சட்டத்தின் 98ஆம் பிரிவு, இன்னொருத்தருடைய தகுதிச் சான்றைத் தன்னுடையது என்று காட்டுகிறவருக்கு இரண்டு மாசம் வரை சிறை என்றது. எங்க பக்கம் அண்ணன் பேப்பரில் தம்பி வேலைக்குப் போவது சகஜம். அப்போ ஜெயிலுக்குப் போக வேண்டியவன் யார்? தம்பி.

*

நான் பார்த்த வரையில், வேலை செய்கிற பிள்ளைகளுக்கு மூன்று விதமான பேப்பர் இருக்கிறது.

முதலாவது, பேப்பரே இல்லாதது. சூளையில் பொய் வயசு தேவைப்படாது. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. கணக்கு நோட்டில் ஒரே பேர், குடும்பத் தலைவன் பேர். மண் குழைக்கிற பொண்டாட்டி பேர் இருக்காது. காயப் போட்ட கல்லைத் திருப்பி வைக்கிற ஆறு வயசுப் பிள்ளை பேர் இருக்காது. எங்க அம்மா கை பட்ட கல் எத்தனை லட்சமோ, எந்த நோட்டிலும் அம்மா பேர் இல்லை. மேற்கு ஒடிசாவிலிருந்து முன்பணம் வாங்கிக்கொண்டு திருவள்ளூர் மாவட்டச் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாக வருகிறார்களே, அவர்களுக்கும் இதே கணக்குதான். ஆள் உண்டு, எழுத்து இல்லை.

இரண்டாவது, பொய்ப் பேப்பர். அது என்னுடையது.

மூன்றாவது, உண்மைப் பேப்பர். அதுவும் இந்த நாட்டில் இருக்கிறது. 1986ஆம் வருஷத்துக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016இல் திருத்தினார்கள். பதினாலு வயசுக்குள் எந்த வேலையும் கூடாது என்றார்கள். இரண்டு விலக்கு வைத்தார்கள். ஒன்று, சினிமா, டிவி, விளம்பரத்தில் நடிக்கிற பிள்ளைகள். 2017இல் வந்த விதிப்படி அந்தப் பிள்ளையை நடிக்கவைக்க மாவட்ட ஆட்சியரிடம் அனுமதி வாங்கணும். ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஓய்வில்லாமல் மூணு மணி நேரத்துக்கு மேல் கூடாது. சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தைப் பிள்ளை பேரிலேயே பாங்கில் வைப்பாகப் போடணும், அது மேஜரானதும் எடுத்துக்கொள்ளும். அதாவது, பிள்ளைக்கே சொந்தமான ஒரு பேப்பரை எப்படி எழுதுவது என்று அரசாங்கத்துக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். அந்தப் பிள்ளையின் முகத்தை நாலு பேர் பார்ப்பார்கள், அதனால் எழுதினார்கள். சூளைப் பிள்ளை முகத்தை யார் பார்க்கிறார்கள்?

இரண்டாவது விலக்கு, ஆபத்தில்லாத குடும்பத் தொழில். பள்ளிக்கூட நேரம் போக, லீவு நாளில், குடும்பத்துக்கு ஒத்தாசை செய்யலாம். கேட்க இதமாக இருக்கிறது. 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் வீட்டுத் தொழில் என்று கொண்டுவந்ததும் இப்படித்தான் இதமாக இருந்தது. குலக்கல்வி என்று அதற்குச் சரியான பேர் வைத்து எதிர்த்தார்கள், 1954இல் அது ஒழிந்தது. குடும்பத் தொழில் என்கிற சொல்லுக்கு எல்லார் வீட்டிலும் ஒரே அர்த்தம் இல்லை. மளிகைக்கடைக்காரர் பிள்ளை கல்லாவில் உட்கார்ந்தால் அது குடும்பத் தொழில். என்னோடு படித்தவன் லீவு நாளில் அவன் தாத்தாவோடு செத்த மாடு தூக்கப் போனான். அதுவும் குடும்பத் தொழில்தான்.

*

இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். அம்மா சொன்னது பொய்தானே?

எங்க பக்கம் அரிச்சந்திரன் கூத்து விடிய விடிய நடக்கும். மயான காண்டத்துக்காகவே ஆயாமார்கள் தூங்காமல் உட்கார்ந்திருப்பார்கள். காந்தி சின்ன வயசில் அரிச்சந்திரன் நாடகம் பார்த்து அதிலேயே மனசு கரைந்துபோனதாகத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். நானும் கரைந்தேன். ஆனால் எனக்கு அழுகை வந்த இடம் வேறு. உண்மைக்காக ராஜா படுகிற கடைசிக் கஷ்டம் என்ன? சுடுகாட்டில் பிணம் எரிக்கிறான். ஊரே உச்சுக் கொட்டுகிறது. அது எங்க தாத்தாவுடைய தினப்படி வேலை! அவர் எந்த உண்மைக்காகவும் அங்கே போகவில்லை. பொறந்தார், போனார். அவருக்காக யாரும் உச்சுக் கொட்டவில்லை.

இன்னொன்றும் அந்தக் கதையில் இருக்கிறது, அதைக் கூத்து பார்க்கிறவர்கள் கவனிப்பதில்லை. அரிச்சந்திரன் பொய் சொல்லவில்லை. பெண்டாட்டி பிள்ளையை விற்றான். அடிமையாகப் போன வீட்டில் அந்தப் பிள்ளையைத் தர்ப்பை அறுத்துவர அனுப்பினார்கள். பாம்பு கடித்துச் செத்தது. அப்பன் உண்மைக்கு வேலைக்குப் போய்ச் செத்தது பிள்ளை.

அரிச்சந்திரன் உண்மையைச் சொல்லிப் பிள்ளையை வேலைக்கு அனுப்பினான். எங்கம்மா பொய் சொல்லிப் பிள்ளையை வேலைக்கு அனுப்பினது. இரண்டிலும் போனது பிள்ளைதான். அப்படியென்றால் வெறுமனே உண்மையா பொய்யா என்று மட்டும் கேட்பது போதாது. அதற்கு விலை கொடுத்தது யார் என்றும் கேட்கணும். ஜெர்மன் தத்துவவாதி கான்ட் 1797இல் ஒரு கட்டுரை எழுதினார். உன் நண்பனைக் கொல்ல வருகிறவன் உன் வாசலில் நின்று அவன் உள்ளே இருக்கிறானா என்று கேட்டால்கூடப் பொய் சொல்லாதே என்றார். எம்.ஏ. வகுப்பில் இதை ஒரு பேராசிரியர் சொன்னபோது எனக்குத் தோன்றியது: கான்ட் கதையில் நாம் வீட்டுக்குள் இருக்கிறோம், வெளியிலிருந்து ஒருத்தன் கேட்கிறான். எங்க கதையில் கதவே அவங்களுடையது. வெளியே நின்று கேட்கிறது நாங்கள். கதவு திறக்க என்ன சொல்லணுமோ அதைச் சொல்லித்தான் அம்மா என்னை உள்ளே தள்ளினது. குற்றமற்ற நன்மை பயக்கும் என்றால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தகும் என்பது வள்ளுவர் கருத்து. தீமை பயக்கவில்லையா என்றால் பயந்தது. எனக்கு ஒரு வருஷம் படிப்பு போனது. ஆனால் அந்தப் பொய்யைக் கண்டுபிடித்தது அம்மா இல்லை. அந்தப் பொய் வேண்டும் என்று கேட்டவன் கம்பெனிக்காரன், எழுதினவர் டாக்டர். அம்மா அதைக் காசு கொடுத்து வாங்கினது. பொய்யை விற்கிறவனையும் வாங்குகிறவளையும் ஒரே தராசில் நான் நிறுத்த மாட்டேன்.

இதை நான் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். கைதட்டினார்கள். ஏழையின் பொய், இருக்கிறவன் பொய் என்று பிரித்துப் பேசுவது எனக்கு நன்றாக வரும். ஆனால் அது எனக்கு ஒளிந்துகொள்ளவும் இடம் கொடுத்தது. அதைத்தான் இப்போது சொல்ல வந்தேன்.

*

எழுதுகிறவன் கை பெரிய கை என்று எங்க தாத்தா சொல்லும். அது கர்ணத்தைப் பார்த்துச் சொன்னது. 1892இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் எழுதிய அறிக்கையின் விளைவாகப் பஞ்சமர்களுக்கு நிலம் ஒதுக்க உத்தரவு வந்தது. கடம்பத்தூர் அப்போது செங்கல்பட்டு மாவட்டம். திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997இல்தான். அந்த நிலம் எத்தனை ஊரில் கணக்கில் ஒரு பேரிலும் உழவில் வேறு ஆளிடமும் இருக்கிறது என்று இதைப் படிக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு எழுதியவன் எங்களில் ஒருத்தன் இல்லை. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் போட்டு, அதுவரை பெரும்பாலும் அதே குடும்பங்களுக்குள்ளேயே சுற்றிவந்த கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தபோது எங்க சேரியில் வெடி வெடித்ததாக நைனா சொல்லும்.

அதனால் 2007இல் திருவள்ளூரில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தபோது வீட்டில் பொங்கல் மாதிரி இருந்தது. பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்திருந்தேன். காலையில் கல்லூரி, மத்தியானத்துக்கு மேல் ஆபீஸ். கூலிப் பட்டியல், வவுச்சர், பில் எல்லாம் சரிபார்த்து டிக் போடணும். எனக்குப் பச்சைப் பென்சில் கொடுத்தார்கள். எங்க வம்சத்தில் கணக்குக்கு டிக் போட்ட முதல் கை என்னுடையது. அம்மா அந்தப் பென்சிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

2009 கோடையில் எங்க பக்கத்துக் கம்பெனி ஒன்றின் கணக்கு வந்தது. பழைய பிளாஸ்டிக்கை அரைத்து விற்கிற கம்பெனி. ஒரு மாசக் கூலிப் பட்டியலை ஜெராக்ஸ் எடுத்து எங்கள் கோப்பில் வைத்துச் சரிபார்ப்பது வழக்கம். ஆடிட்டர்கள் அதை ஒர்க்கிங் பேப்பர் என்பார்கள். பட்டியலில் பேர், வயசு, நாள், கூலி, கையெழுத்து. கான்ட்ராக்ட் ஆட்கள் முப்பது முப்பத்தஞ்சு பேர். வயசுப் பத்தியில் 19, 19, 20, 19, 19 என்று இறங்கிக்கொண்டே போனது. ஒரு ஊரில் அத்தனை பேரும் ஒரே வருஷத்தில் பொறந்தமாதிரி. பதினேழாவது பேர் எங்க தெருப் பிள்ளையுடையது. வயசு 19. நிஜத்தில் பன்னிரண்டு. அது அஞ்சாவது வரை படித்திருந்ததால் தன் பேரை ஒவ்வொரு எழுத்தாகக் கோர்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தது. அந்தப் பிள்ளைக்கு 'ழ' எழுதக் கற்றுக்கொடுத்தது நான்.

ஒரு தாளில், "வயதுச் சான்றுகள் பார்க்கப்படவில்லை" என்று எழுதிச் சீனியரிடம் கொடுத்தேன். அவர் கெட்ட மனுசன் இல்லை. எனக்குக் கல்லூரிக் கட்டணத்துக்குக் கடன் கொடுத்தவர். வாசித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, தொகை சரியா வருதா? வருதில்ல? வயசு நமக்கு மெட்டீரியல் இல்லப்பா." தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

மெட்டீரியல் என்பது தணிக்கைத் தொழிலில் ஒரு முக்கியமான சொல். பொருட்படுத்தத் தக்கது என்று அர்த்தம். எந்தத் தப்பு கணக்கைப் படிக்கிறவரின் முடிவை மாற்றுமோ அது பொருட்படுத்தத் தக்கது. மாற்றாதது பொருட்படுத்தத் தகாதது. பன்னிரண்டைப் பத்தொன்பது என்று எழுதினாலும் கூலித் தொகை மாறாது. லாபம் மாறாது. ஆகவே அந்தப் பிள்ளை பொருட்படுத்தத் தகாதது. அதே 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர் கம்பெனியின் தலைவர், இல்லாத பணத்தைக் கணக்கில் காட்டியதாகத் தானே எழுதிக்கொடுத்தார். நாடே எழுந்து நின்று தணிக்கை செய்தவர்களைக் கேள்வி கேட்டது. இல்லாத ரூபாயை இருக்கிறதாக எழுதினால் நாடு எழுந்திருக்கும். இல்லாத ஏழு வயசை இருக்கிறதாக எழுதினால் டிக் போட ஆள் இருக்கும்.

டிக் போட்டேன். பச்சையில். பதினேழாவது வரியிலும்.

*

ஆவணி மாசம் அந்தப் பிள்ளையின் வலது கையில் இரண்டு விரல் அரைக்கிற மிஷினில் போனது. கம்பெனிக்காரர், அது கான்ட்ராக்டர் ஆள் என்றார். கான்ட்ராக்டர், அந்தப் பேரில் எங்களிடம் ஆளே இல்லை என்றார். பட்டியலைக் காட்டு என்றால், அது எப்போதோ தொலைந்தது என்றார். 1923ஆம் வருஷத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் விரலுக்கு இவ்வளவு சதவீதம் என்று பட்டியல் போட்டிருந்தது. வயசுக்குத் தக்க ஒரு எண்ணால் பெருக்குவார்கள். பதினாறு வயசு வரை 228.54. இருபது வயசென்றால் 224.00. வயசு ஏற ஏற எண் இறங்கும். இந்தக் கணக்கெல்லாம் போடுவதற்கு முன்னால், அந்தப் பிள்ளை அங்கே வேலை செய்தது என்று ஒரு துண்டுப் பேப்பர் வேண்டும். பிள்ளையின் அப்பா சேரி முழுக்கக் கேட்டார். என்னையும் கேட்டார். "நீ ஆடிட்டர் ஆபீசுல கீறியே கண்ணு, எதுனா வழி தெரியுமா?"

தெரியாது மாமா என்றேன்.

அந்தப் பேப்பர் எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில், இரண்டாவது தட்டில் இருந்தது. அதில் பிள்ளையின் கையெழுத்து இருந்தது. பக்கத்தில் என் டிக் இருந்தது.

எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் இது. ஒர்க்கிங் பேப்பர் ஆடிட்டருடைய சொத்து. இது நிஜம், தணிக்கைத் தரநிலைகளே அப்படித்தான் சொல்கின்றன. கம்பெனிகூட அதை உரிமையாகக் கேட்க முடியாது. தொழிலில் தெரிந்துகொண்டதை வெளியே சொல்வது ஆடிட்டருக்கு ஒழுங்கீனம் என்கிறது 1949ஆம் வருஷத்துப் பட்டயக் கணக்காளர் சட்டம். அப்படியென்றால் நான் எப்படிச் சொல்வது? என் பேப்பர் இல்லையே அது?

பிற்பாடு அந்தச் சட்டத்தை முழுசாகப் படித்தேன். கட்சிக்காரர் சம்மதித்தால் சொல்லலாம், சட்டம் கேட்டால் சொல்லலாம் என்று அதிலேயே இருக்கிறது. இழப்பீட்டு ஆணையர் அழைப்பாணை அனுப்பியிருந்தால் அந்தத் தாளைக் கொண்டுபோய் வைத்திருக்க வேண்டியதுதான். ஆனால் அப்படி ஒரு தாள் இருக்கிறது என்று தெரிந்தால்தானே யாராவது கேட்பார்கள்? அது தெரிந்தவன் அந்தச் சேரியில் நான் ஒருத்தன். நான் திருட வேண்டாம். ஜெராக்ஸ் எடுக்க வேண்டாம். "இன்ன இடத்தில் ஒரு பேப்பர் இருக்கு, வக்கீல் வெச்சிக் கேக்கச் சொல்லு மாமா" என்று ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை நான் சொல்லவில்லை. வேலை போய்விடும். வேலை போனால் படிப்பு போய்விடும். கோரிக்கை வைக்கச் சட்டம் கொடுத்த இரண்டு வருஷம் அப்படியே போனது. 2010இல் எம்.ஏ.வில் சேர்ந்தேன்.

அம்மாவின் பொய்யை நான் எந்த மேடையிலும் காப்பாற்றுவேன். என் மௌனத்தை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. அம்மா கதவுக்கு வெளியே நின்றது. நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எங்களில் ஒருத்தன் நாற்காலிக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிற தோழர்களுக்கு என் பச்சைப் பென்சிலைக் காட்டுகிறேன். எழுதுகிற கை மாறினால் மட்டும் போதாது. எழுதினது யாரைப் பற்றியோ அவர் கைக்கு அது போகணும்.

பேப்பர் யாருடைய சொத்து என்கிற கேள்விக்கு இதுதான் நான் கண்ட பதில். தாள் ஆடிட்டருடையதாக இருக்கலாம், அலமாரி ஆடிட்டருடையதாக இருக்கலாம். அதில் இருக்கிற சாட்சி அந்தப் பிள்ளையுடையது. அதைப் பார்த்தவன் அந்தக் கணத்திலிருந்து சாட்சிக்காரன். சொத்து யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்க அவனுக்கு உரிமை இல்லை.

*

இது நடக்காத காரியம் இல்லை. ராஜஸ்தானில் 1990இல் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1994 டிசம்பரில் கோட் கிரானா என்கிற ஊரில் முதல் பொது விசாரணை நடத்தியது. அரசு வேலைகளின் கூலிப் பட்டியலை ஊர் நடுவில் உட்கார்ந்து சத்தமாக வாசித்தார்கள். அந்த வேலைக்கே போகாதவர் பேரெல்லாம் பட்டியலில் இருந்து வந்தது. எழுத்து தெரியாத சனம்தான் அன்றைக்குத் தணிக்கை செய்தது. அந்தப் போராட்டம் 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வரை வந்தது. அந்தச் சட்டத்தை வைத்துத் தனியார் கம்பெனி அலமாரியைத் திறக்க முடியாது. அங்கே இன்னும் டோக்கன் காலம்தான்.

அதனால் இப்போது நான் போகிற இடமெல்லாம் ஒரு காரியம் சொல்கிறேன். கூலி வாங்கும்போது பட்டியலில் உங்கள் வரியைப் போட்டோ எடுங்கள். கையில் போன் இருக்கிறது. வயசு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கொடுத்த எந்தப் பேப்பருக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். கொத்தடிமையிலிருந்து மீண்டவர்கள் கையில் வருவாய்க் கோட்டாட்சியர் கொடுக்கிற விடுதலைச் சான்று இருக்கும். செங்குன்றம் அரிசி ஆலையிலிருந்து மீண்ட ஒரு இருளர் பெரியவர் அதைப் பாலித்தீனில் சுற்றிக் கூரையில் செருகி வைத்திருந்ததைப் பார்த்தேன். எழுத்து தெரியாதவர். பேப்பர் எங்கே இருக்கணும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்.

இதை எழுதுவதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். இப்போது இரண்டு பிள்ளைக்குத் தாய். கடம்பத்தூர் பிளாட்பாரத்தில் அரக்கோணம் வண்டிக்குக் காத்திருந்தது. அலமாரி, இரண்டாவது தட்டு, பச்சை டிக், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டும் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டது:

"அந்தப் பேப்பரு இப்பக் கேட்டா குடுப்பாங்களாண்ணா?"

ஒர்க்கிங் பேப்பரை ஏழு வருஷம் வைத்திருந்தால் போதும் என்பது விதி. 2016இலேயே அந்தக் கெடு முடிந்தது. எடைக்குப் போட்டிருப்பார்கள். அதைச் சொன்னேன்.

"சரி வுடு" என்றது. வண்டி வந்தது. ஏறுவதற்கு முன்னால், எழுதிக்கோ, பேரைப் போடாதே என்றது. போடவில்லை.